கண்ணாடியைக் குளிர்விப்பது நல்லதென்றால் லைகோ ஏன் அதைச் செய்யவில்லை?

கேள்வி:
ஈர்ப்பு அலைகளைத் தேடும் லைகோ, விர்கோ, காக்ரா மூன்றுமே எல் வடிவக் குறுக்கீட்டுமானிகள்தான்; அதாவது இரு கரங்களில் லேசர் ஒளியை அனுப்பி, கண்ணாடிகளில் பட்டுத் திரும்பும் கதிர்களை ஒப்பிட்டு, கரங்களின் நீளத்தில் வரும் மிகச் சிறிய மாற்றத்தை அளப்பவை. ஆனால் ஜப்பானின் காக்ராவில் மட்டும் முக்கியக் கண்ணாடிகளைச் சுமார் 20 கெல்வின் வரை குளிர்விக்கிறார்கள். வெப்ப அதிர்வு குறையும் என்பது புரிகிறது. அப்படியானால் லைகோவும் ஏன் குளிர்விக்கவில்லை?

பதில் 1:
செலவுதான் காரணமாக இருக்கும்.

பதில் 2:
செலவை விடப் பெரிய தடை கண்ணாடியிலேயே இருக்கிறது. லைகோவின் 40 கிலோ கண்ணாடி உருகு சிலிக்காவால் ஆனது. அறை வெப்பநிலையில் அது அருமையான பொருள். அதில் ஓர் அதிர்வு எழுந்தால் நல்ல மணியின் ஓசை போல நெடுநேரம் தேயாமல் நிற்கும். நமக்கு வேண்டியதும் அந்தக் குணம்தான்: வெப்ப அதிர்வு ஒரு சில சுருதிகளிலேயே அடங்கிவிடும், மற்ற இடங்களில் அமைதி கிடைக்கும். குளிர்வித்தால் அது கெட்டுவிடும். அதனால்தான் காக்ரா சஃபயர் படிகத்துக்குப் போனது.

அப்புறம், சுற்றிலும் வெற்றிடம். அவ்வளவு குளிரில் லேசர் தரும் சூடு வெளியேற, கண்ணாடி தொங்கும் இழைகளை விட்டால் பெரிதாக வேறு வழியில்லை. லைகோவின் சிலிக்கா இழை 0.4 மி.மீ. காக்ராவின் சஃபயர் இழை 1.6 மி.மீ., நான்கு மடங்கு தடிமன். சூடு நன்றாக இறங்கும், ஆனால் தடித்த இழை அதிர்வுகளை அடக்குவதில் மெல்லியதற்கு ஈடாகாது. ஒன்றைப் பெற இன்னொன்றை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

முதுகலை ஆய்வகத்தில் மைக்கல்சன் கருவியோடு (இதே வகைக் குறுக்கீட்டுமானியின் மேசை வடிவம்) ஒரு பருவம் முழுக்கப் போராடினேன். யாராவது பக்கத்தில் நடந்தாலே அதில் தெரியும் ஒளி-இருள் வரிகள் ஓடிவிடும். காக்ராவை மலைக்கு அடியில் குடைந்து வைத்தது எவ்வளவு சரியான முடிவு என்று எனக்கு அந்த மேசைதான் புரியவைத்தது.

கேட்டவர்:
நன்றி, இழை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. விண்வெளிக்குப் போகப்போகும் ஈர்ப்பு அலைக் கருவியான லிசாவும் இதே கதைதானா?

பதில் 2:
இல்லை, அது வேறு ஜாதி. லைகோவின் 4 கி.மீ. கரத்தில் ஒளி சுமார் 300 முறை போய்வரும். லிசாவின் கரமோ, அதாவது இரு விண்கலங்களுக்கு இடையிலான தூரம், 25 லட்சம் கி.மீ.; கதிர் அவ்வளவு விரிந்துவிடுவதால் மறுமுனையில் சில நூறு பிக்கோவாட்தான் கிடைக்கும். அதைத் திருப்பி அனுப்பினால் ஒன்றும் மிஞ்சாது. எனவே வந்த ஒளியின் கட்டத்தை (அலை எந்த நிலையில் இருக்கிறது என்பதை) பார்த்து, அங்கிருக்கும் லேசர் புதிதாக ஒளியை அனுப்பும்.

இன்னொரு சிக்கல்: லிசாவின் மூன்று விண்கலங்களும் சூரியனைச் சுற்றும்போது கரங்களின் நீளம் மாறிக்கொண்டே இருக்கும். கரங்கள் சமமாக இல்லாவிட்டால் லேசர் அதிர்வெண்ணின் தள்ளாட்டம் தானாகக் கழியாது. அளவீடுகளைச் சரியான காலத் தாமதத்தோடு சேர்த்துக் கணினியில் கழிப்பார்கள். சரியாகச் சொன்னால், லிசாவின் குறுக்கீட்டுமானி பாதி அந்தக் கணக்கில்தான் உருவாகிறது.