மலையேற்றக் குழுவில் சேர்ந்தால் நடப்பதைத் தவிர வேறு என்ன கற்றுக்கொள்ள முடியும்?

கேள்வி: நெடுவழியன்

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். வார இறுதிகளில் மலையேற்றத்துக்கு அழைத்துச் செல்லும் குழு ஒன்றில் சேர்ந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. வெள்ளியங்கிரி, பருவதமலை, கும்பக்கரையிலிருந்து வெள்ளகெவி வழியாகக் கொடைக்கானல் என்று இதுவரை ஒன்பது முறை போய்வந்திருக்கிறேன். கால்களுக்கு வலு வந்திருக்கிறது, மூச்சு வாங்குவதும் குறைந்திருக்கிறது. ஆனால் சென்ற மாதம் நடந்த ஒரு சிறிய நிகழ்வு என்னை யோசிக்க வைத்துவிட்டது.

புல்வெளியைக் கடந்து சோலைக்காட்டின் விளிம்பை நெருங்கும் நேரத்தில் மூடுபனி இறங்கியது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. வழிகாட்டி எங்களை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டுப் பாதை பார்க்கப் போனார். அவர் திரும்பி வருவதற்குள், நாங்கள் எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்பதிலேயே பன்னிரண்டு பேருக்குள் மூன்று கருத்துகள் எழுந்துவிட்டன. ஒன்பது மலை ஏறியவன் என்று அலுவலகத்தில் எனக்குப் பெயர்; திசைகாட்டியைக் கொடுத்தால் அதை எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியாது என்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது.

வரைபடம் பார்த்தல், முதலுதவி, கயிறு கையாளுதல் போன்றவற்றை ஒரு குழுவின் வழியாகவே முறையாகக் கற்றுக்கொள்ள முடியுமா, அல்லது உத்தரகாசி, டார்ஜிலிங் போன்ற இடங்களில் உள்ள பயிற்சி நிறுவனங்களுக்குத்தான் போக வேண்டுமா? ஆண்டுக்கு எனக்குக் கிடைக்கும் விடுப்பு 18 நாள்தான் என்பதையும் கணக்கில் கொண்டு சொல்லுங்கள்.

பதில் 1: சோலைக்குருவி

நெடுவழியன் அவர்களுக்கு வணக்கம். பதினோரு ஆண்டுகளாக ஒரு மலையேற்றக் குழுவில் தன்னார்வலராக இருக்கிறேன் என்ற முறையில் எழுதுகிறேன். கற்றுக்கொள்ள முடியும். ஆனால் வரிசையின் நடுவில் நடந்துகொண்டிருக்கும் வரை முடியாது. நடுவில் நடப்பவருக்கு முன்னால் செல்பவரின் முதுகுப்பைதான் திசை. அவர் ஒன்பது முறை போனாலும் தொண்ணூறு முறை போனாலும் அந்த முதுகுப்பையைத்தான் பார்த்துவிட்டு வருவார்.

ஆகவே முதலில் கேட்டு வாங்க வேண்டியது கடைசி ஆளாக வரும் பொறுப்பு. ஸ்வீப் என்று சொல்வார்களே, அதுதான். அவருக்குப் பின்னால் யாரும் இல்லை என்பதால், பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் எல்லோரும் சரியான பக்கம் திரும்பிவிட்டார்களா என்று எண்ண வேண்டும். பின்தங்குபவருக்குக் காலில் கொப்புளமா, தண்ணீர் குறைவா, பயமா என்று கண்டுபிடிக்க வேண்டும். முன்னால் போகிறவர்களின் வேகத்தைக் குறைக்கச் சொல்லும் துணிச்சலும் வேண்டும். எங்கள் குழுவில் நான்காவது மலையேற்றத்திலிருந்து ஒவ்வொருவருக்கும் அந்தப் பொறுப்பை அனுபவமுள்ள ஒருவரின் துணையோடு கொடுத்துவிடுவோம். முதல் நாள் பெரும்பாலானவர்கள் சலித்துக்கொள்வார்கள், மலை உச்சியில் படம் எடுக்க நேரம் கிடைக்காது என்பதால்.

அடுத்தது வரைபடம். இந்திய நில அளவைத் துறை வெளியிடும் 1:50,000 அளவுத் தாளில் 2 செ.மீ. என்பது தரையில் 1 கி.மீ.; அடுத்தடுத்த சம உயரக் கோடுகளுக்கு இடையில் பொதுவாக 20 மீட்டர் உயர வேறுபாடு. கோடுகள் நெருக்கமாக இருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் சாய்வு குறைவு என்பதைப் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஓடையையும் மலைமுகட்டையும் பிரித்தறிவதற்குத்தான் பழக்கம் வேண்டும். இரண்டிலும் கோடுகள் மடிந்து கூராகத்தான் இருக்கும். அந்தக் கூர்முனை உயரமான பக்கத்தை நோக்கினால் ஓடை அல்லது பள்ளத்தாக்கு, தாழ்வான பக்கத்தை நோக்கினால் முகடு. இதை நன்றாக அறிந்தவள் என்று நம்பிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு மாலைப் பொழுதில் அவசரமாகப் பார்த்து, முகடு என்று எண்ணி ஓர் ஓடைப் பள்ளத்தில் ஆறு பேரை இறக்கிவிட்டேன். கீழே போகப் போகப் பாறையும் புதரும் அடர்த்தியாயின. திரும்பி மேலே ஏற இரண்டு மணி நேரம் ஆயிற்று. அன்றிலிருந்து, எந்தத் திசையில் இறங்குவதாக இருந்தாலும் முதல் நூறு மீட்டருக்குள் தரையும் தாளும் ஒத்துப்போகின்றனவா என்று நின்று பார்க்காமல் நகர்வதில்லை.

திசைகாட்டியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதை மார்புக்கு நேராகக் கிடைமட்டமாகப் பிடித்து, கைப்பேசி, இரும்புக் கொக்கி ஆகியவற்றை அப்பால் வைத்துவிட்டு, ஊசி அசைவது நின்ற பிறகு பாருங்கள். ஊசி காட்டும் காந்த வடக்குக்கும் வட துருவத்தை நோக்கிய உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாடு தமிழ்நாட்டில் மிகச் சிறியது என்பதால், தொடக்கத்தில் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. மூடுபனி வரும் என்று தோன்றும்போதே, தெளிவாகத் தெரியும் இரண்டு இடங்களின் திசையைக் குறித்து வைத்துக்கொண்டிருந்தால், உங்கள் பன்னிரண்டு பேருக்குள் மூன்று கருத்துகள் வந்திருக்காது.

நேரக் கணக்கும் ஒரு திறன்தான், அதை யாரும் திறனாக எண்ணுவதில்லை. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இல் வகுத்த விதியை நாங்கள் இப்போதும் பயன்படுத்துகிறோம். தூரத்தில் 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், ஏற்றத்தில் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 8 கி.மீ. தூரமும் 900 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் என்று வரும். அது குளிர்நாட்டில், பழகிய கால்களுக்கு உரிய கணக்கு. நம் வெயிலுக்கும் குழுவின் இழுபறிக்கும் பாதி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். நம் ஊரில் அந்தி மிகக் குறுகியது, சோலைக்குள் அதற்கும் முன்பே இருட்டிவிடும். எனவே எத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவது என்பதை மலையடிவாரத்திலேயே எல்லோர் முன்னிலையிலும் முடிவு செய்துவிட வேண்டும்; மேலே போன பிறகு, உச்சி கண்ணில் தெரியும்போது, அந்த முடிவை யாராலும் எடுக்க முடியாது.

பதில் 2: கல்பாதை

மேலே உள்ள அம்மையார் தம்முடைய குழுவைப் பற்றி எழுதுகிறார். இன்று வார இறுதிக் குழுக்களில் பலவும் பேருந்து, உணவு, வழிகாட்டி என்று கட்டணம் வாங்கும் சுற்றுலா ஏற்பாடுகள்தாம். அங்கே கடைசி ஆளாக வருகிறேன் என்று கேட்டால் விநோதமாகப் பார்ப்பார்கள். எனவே பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்: வனத்துறை அனுமதி யார் பெயரில், எந்தப் பாதைக்கு வாங்கப்பட்டிருக்கிறது? அந்தப் பாதையில் அண்மையில் சென்று வந்தவர் யார்? ஒருவருக்குக் கால் முறிந்தால் எந்த வழியாக வெளியேற்றுவார்கள்? மூன்றாவது கேள்விக்குச் சிரித்து மழுப்பினால் அந்தக் குழுவில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை.

கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை மறக்க முடியாது. காய்ந்த புல்லில் பற்றிய தீ சரிவில் மேல்நோக்கி மனிதரின் ஓட்டத்தைவிட வேகமாக ஏறும். முகட்டை நோக்கி ஓடக் கூடாது, புல் இல்லாத பாறைத் திட்டையோ ஏற்கெனவே எரிந்து முடிந்த நிலத்தையோ தேட வேண்டும் என்பதை எத்தனை குழுக்கள் கிளம்பும் முன் சொல்கின்றன? கோடையில் பாதைகளை வனத்துறை மூடும்போது முணுமுணுப்பவர்கள்தாம் அதிகம்.

வனத்துறையே 2024 அக்டோபரில் 40 பாதைகளுடன் ட்ரெக் தமிழ்நாடு என்ற திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. அதில் பழங்குடியினரும் உள்ளூர் இளைஞர்களும் வழிகாட்டிகளாக வருகிறார்கள். யானையின் சாணம் எவ்வளவு பழையது, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, எந்தப் பறவையின் குரல் ஏன் திடீரென்று நின்றது என்பதையெல்லாம் அவர்கள் பக்கத்தில் நடந்தாலே கற்றுக்கொள்ளலாம், கேட்டால் சொல்வார்கள். பலர் கேட்பதில்லை.

நெடுவழியன் (கேள்வி கேட்டவர்)

இருவருக்கும் நன்றி. மூன்றாவது கேள்வியை எங்கள் ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டேன். "அப்படியெல்லாம் நடக்காது" என்றார். இன்னொரு ஐயம். எங்கள் முதலுதவிப் பெட்டியில் பாம்புக்கடிக்காக ஒரு கயிறும் ஒரு பிளேடும் வைத்திருக்கிறார்கள். இது சரிதானா?

பதில் 3: வெண்ணிலை

அந்தக் கயிற்றையும் பிளேடையும் இன்றே வெளியே எடுத்துவிடுங்கள். அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். இறுகக் கட்டிக்கொண்டு வந்ததால் விரல்கள் கறுத்துப்போனவர்களையும், கீறிவிட்டதால் இரத்தம் நிற்காமல் வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாய் வைத்து உறிஞ்சக் கூடாது. மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ ஒரு குச்சியை வைத்து, எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல அசையாமல் தளர்வாகக் கட்டி, கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, அவரை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு வர வேண்டும். பாம்பைத் தேடிப் போகவே கூடாது.

நம் நாட்டில் கொடுக்கப்படும் நஞ்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் பொதுவானது. எனவே எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டாலும் சிகிச்சை தொடங்கும். (அந்த மருந்துக்கான நஞ்சைச் சென்னைக்கு அருகில் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துக் கொடுக்கிறார்கள். உங்கள் குழு ஒரு நாள் அங்கே போய்வரலாம், மலையேற்றத்தைவிடப் பயனுள்ளதாக இருக்கும்.) கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ இல்லாமலும் இருக்கலாம். ஆகவே ஒன்றும் இல்லையே என்று காத்திருப்பதுதான் பெரிய ஆபத்து.

தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்று எழுதுவது எளிது. இரண்டு மூங்கில் கழிகளை நான்கு சட்டைகளின் கைகளுக்குள் நுழைத்தால் தூக்குப் படுக்கை ஆகிவிடும் என்று எல்லாப் பயிற்சியிலும் காட்டுவார்கள். எங்கள் மருத்துவமனையின் இளைஞர் சிலரோடு ஒரு முறை அதைச் செய்து, 70 கிலோ எடையுள்ள ஒருவரை ஏற்ற இறக்கமான பாதையில் தூக்கிப் பார்த்தோம். நான்கு பேர் 200 மீட்டர் போவதற்குள் கைகள் நடுங்கிவிட்டன. ஆள் மாற்றி ஆள் தூக்க எட்டுப் பேராவது வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. பன்னிரண்டு பேர் கொண்ட உங்கள் குழுவில் ஒருவர் விழுந்தால் மிச்சம் பதினொருவர். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பாம்புக்கடி அரிது, வெயில் மயக்கம் அப்படியல்ல. ஒரு லிட்டர் சுத்தமான நீரில் சமமாக வழித்த ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து வைத்திருங்கள். ஓடை நீரைத்தான் குடிக்க வேண்டியிருந்தால் நன்கு கொதி வந்த பிறகு ஒரு நிமிடமும், 2,000 மீட்டருக்கு மேலே என்றால் மூன்று நிமிடமும் கொதிக்க விடுங்கள். ஆனால் காப்புக்காட்டில் தீ மூட்ட அனுமதி இல்லை என்பதால், குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் காத்திருப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

பதில் 4: கருங்கல்

பயிற்சி நிறுவனங்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை. டார்ஜிலிங் நிறுவனம் 1954-இல் தொடங்கப்பட்டது, டென்சிங் நார்கே அதன் களப் பயிற்சிக்கு முதல் தலைவராக இருந்தார். உத்தரகாசியில் உள்ளது 1965-இல் வந்தது. இரண்டிலும் அடிப்படைப் பயிற்சி ஏறத்தாழ நான்கு வாரம், உங்கள் 18 நாள் போதாது. பனிக்கோடரியும் பனியாற்றில் நடப்பதும் கற்றுக்கொள்ள வேறு வழியில்லை; ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையில் நடப்பவருக்கு அவை உடனடியாகத் தேவையும் இல்லை.

கயிறு வேண்டுமானால் பெங்களூருக்கு அருகில் உள்ள ராமநகரத்துக் கருங்கல் பாறைகளுக்கு, பழகிய ஏறுநர்களோடு இரண்டு வார இறுதிகள் போங்கள். எட்டு வடிவ முடிச்சு, க்ளோவ் ஹிட்ச், புரூசிக் ஆகிய மூன்று முடிச்சுகளை மட்டும், இருட்டில், ஈரக் கையால் போட வரும் வரை பழகினால் போதும். இழுபடும் கயிறு ஏறுவதற்கு, இழுபடாத கயிறு இறங்குவதற்கு. இதை மாற்றிப் பயன்படுத்தியவரைப் பார்த்தால் அவரோடு ஏறாதீர்கள். நான் வீட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே கதவுக் கைப்பிடியில் முடிச்சுப் போட்டுப் பழகியவன். வீட்டில் திட்டும் வாங்கியவன்.

நெடுவழியன் (கேள்வி கேட்டவர்)

பிளேடு குப்பைக்குப் போய்விட்டது. அடுத்த முறை கடைசி ஆளாக வருகிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஒருங்கிணைப்பாளர் இன்னும் பதில் சொல்லவில்லை. மறுத்தால் வேறு குழு பார்ப்பேன். சோலைக்குருவி அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும்: அந்த 1:50,000 தாள் எங்கே கிடைக்கும்?

சோலைக்குருவி

இந்திய நில அளவைத் துறை 2017 முதல் பொதுமக்களுக்கான வரைபடத் தாள்களை இணையத்தில் இலவசமாகத் தரவிறக்க விடுகிறது, பதிவு செய்துகொண்டு எடுக்கலாம். தாள்களில் பலவும் பழைய அளவீட்டின்படி வரையப்பட்டவை என்பதால் புதிய சாலைகளும் குடியிருப்புகளும் இருக்காது. மலையும் ஓடையும் அப்படியே இருக்கும், நமக்கு வேண்டியது அவைதாம். அச்சுக் கடையில் கொடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தாளுக்குப் பொருந்தும்படி சுருக்கி அச்சிட்டுவிடுவார்கள், அப்போது 2 செ.மீ. ஒரு கிலோமீட்டராக இருக்காது. கடையை விட்டுக் கிளம்பும் முன் தாளின் அடியில் உள்ள அளவுகோலின் மீது பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். சரியாக வராவிட்டால் அங்கேயே திருப்பிக் கொடுத்து மறுபடி அச்சிட்டு வாங்குங்கள்.