மருத்துவர் பையனை வெளியே அனுப்பிவிட்டு எங்களை உட்காரவைத்தார்

மஞ்சக்குப்பம் அம்மா:
ஒன்பது வயது மகனுக்கு எடை ஏறிக்கொண்டே போனதால் புதுச்சேரியில் ஒரு குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டினோம். உயரமும் எடையும் பார்த்ததும் அவனை வெளியே விளையாடச் சொல்லிவிட்டு, என்னையும் கணவரையும் மாமியாரையும் உட்காரவைத்தார். "குளிர்பானம் வாங்கி வருவது யார்? டிவி முன்னால் சாப்பிடுவது அவன் மட்டுமா?" கேள்விகள் முழுவதும் எங்களுக்குத்தான்.

பெரியவர்களைப் போலக் குழந்தைக்கு ஒரே பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் விகிதம்) எண் கிடையாதாம். வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துத்தான் கணக்கு. இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர் சங்கத்தின் 2015 வரைபடத்தில், பெரியவர்களின் பிஎம்ஐ 27-க்கு நிகரான கோட்டைத் தாண்டினால் உடல் பருமன். அவன் தாண்டியிருந்தான். "பட்டினி போடாதீர்கள். எடை ஏறாமல் நின்றாலே போதும், உயரம் கூடக்கூட விகிதம் இறங்கும்" என்றார். மாமியார் கடலைமாவு போட்டுத் தேய்த்துவந்த கழுத்துக் கருப்பு அழுக்கல்ல, இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறியாக இருக்கலாம் என்று ரத்தப் பரிசோதனைக்கு எழுதியபோது உண்மையிலேயே பயந்துவிட்டேன்.

அன்றிலிருந்து அவனுக்கென்று தனிச் சமையல் இல்லை. எல்லோருக்கும் சோறு குறைவு. கீரை, பொரியல், சுண்டல், மீன் குழம்பு. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து கணவர் மாலையில் கொண்டுவரும் பக்கோடாப் பொட்டலம் நின்றது. அதுதான் பெரிய மாற்றம் என்பேன். அப்பா எதிரில் உட்கார்ந்து மிக்சர் சாப்பிட்டால் எந்தக் குழந்தை வெள்ளரிக்காய் தின்னும்?

முத்தியால்பேட்டை அப்பா:
சகோதரி, எங்கள் மகளுக்குப் பதினொரு வயது. சாப்பாட்டை மாற்றுவதைவிட உறவினர்களின் வாயை அடக்குவதுதான் கடினமாக இருந்தது. விசேஷ வீடுகளில் "குண்டு" என்று கூப்பிடுவார்கள். அன்றிரவு அவள் ஒளிந்துகொண்டு தின்பாள். என் அக்காவிடமே "அவள் எதிரில் எடைப் பேச்சு வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டார், பரவாயில்லை. நடக்கச் சொல்லி அவளை மட்டும் விரட்டுவதும் இல்லை. மாலை ஆறு மணிக்குமேல் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள், மூவருமாக நடக்கிறோம். பிள்ளைகளுக்கு நாளுக்குச் சராசரி 60 நிமிடம் உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மீதிக்குத் தெருவில் சைக்கிள்.

நெல்லிக்குப்பம் வாசகி:
எங்கள் வீட்டில் பாட்டியே கடைக்குக் காசு கொடுத்து அனுப்புகிறார். என்ன செய்வது?

மஞ்சக்குப்பம் அம்மா:
அவரையும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள் அக்கா. நாம் சொன்னால் "வளர்கிற பிள்ளை வயிற்றில் அடிக்கிறாயே" என்பார்கள். 300 மில்லி கோலாவில் ஏழு டீஸ்பூனுக்கும் மேல் சர்க்கரை என்று மருத்துவர் சொன்னதும் என் மாமியார் வாயடைத்துப் போனார். இப்போது பேரனுக்கு அவரே மோர் கலக்கிவைக்கிறார். உப்புதான் கொஞ்சம் கூடுதலாகப் போடுகிறார், அதையும் பேசவேண்டும்.