புதுப்பிப்பு: என்ஐசியூவில் மகள், தாய்ப்பால் பிரச்சினை

30 வாரத்தில் பிறந்த மகள் என்ஐசியூவில் (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) இருக்கிறாள், டிஸ்சார்ஜ் ஆன மனைவிக்குப் பால் வற்றுகிறது, என்ன செய்வது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பூண்டு, சுறாப்புட்டு என்று நிறையப் பேர் சொன்னீர்கள், நன்றி. ஆனால் சிக்கல் சாப்பாட்டில் இல்லை, பஸ்ஸில்!

ராத்திரியும் சேர்த்து நாளுக்கு எட்டு முறையாவது பீய்ச்ச வேண்டுமாம். போகவர நாலு மணி நேரம் பஸ்ஸிலேயே போனால் எங்கே பீய்ச்சுவது? வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. வெளியே வைத்தால் நாலு மணி நேரம்தான் தாங்கும்.

அப்புறம் ஒரு நர்ஸ் அக்கா சொல்லித்தான் தெரிந்தது, ஆஸ்பத்திரியிலேயே தாய்மார் தங்க அறை இருக்கிறதாம். முதல் நாளே சொல்லியிருக்கலாம். இப்போது மனைவி அங்கேயே தங்குகிறாள், பெரியவனை மாமியார் பார்த்துக்கொள்கிறார். ஒரு வேளைக்கு 10 மில்லி வந்தது இப்போது 35. நேற்று முதல்முறையாக நெஞ்சோடு அணைத்துக்கொள்ளவும் விட்டார்கள்.