தீயில் எரிந்து திறந்த பழைய வேட்டைக்காடு: எதைப் பார்ப்பது, எதைச் செய்வது?

கேள்வி: கோரிமேட்டுவாசி

சேர்வராயன் மலையின் குப்பனூர்ப் பக்கச் சரிவில், காப்புக்காட்டை ஒட்டி எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் பட்டா நிலம் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன்பு, என் தாத்தாவும் அவருடைய பங்காளிகளும் பன்றிக்கும் முயலுக்கும் காத்துக் கிடந்த இடம் அது. பிறகு உண்ணிச்செடி மண்டி, ஆள் நுழைய முடியாமல் போயிற்று. இந்தப் பங்குனியில் அடிவாரத்திலிருந்து ஏறிய தீ அந்தப் புதர் முழுவதையும் எரித்துவிட்டது. அப்பா சொல்லிக்கொண்டிருந்த பாறை மறைவும் சுனைக்கு இறங்கும் தடமும் இப்போது கீழிருந்து பார்த்தாலே தெரிகின்றன.

வேட்டையாடும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. மறுபடியும் புதர் மூடுவதற்குள் நிலத்தை நடந்து பார்த்து, எந்த விலங்கு எங்கே புழங்குகிறது, சுனையில் ஊற்று இருக்கிறதா என்பதையெல்லாம் குறித்து வைக்க வேண்டும். எப்போது போகலாம், எதைக் கவனிக்க வேண்டும், எரிந்த இடத்தில் எதையாவது நடலாமா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: அஸ்தம்பட்டி வழக்கறிஞர்

முதல் வேலையாக எல்லைக்கற்களைத் தேடுங்கள். புதர் இருந்தவரை பட்டா எங்கே முடிந்து காப்புக்காடு எங்கே தொடங்குகிறது என்பது மறைந்தே இருந்திருக்கும். கல்லுக்கு அப்பால் போக வனச்சரக அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் தீயில் சிக்கி இறந்த பிறகு இந்தக் கட்டுப்பாடு கடுமையாகிவிட்டது. அது நியாயமானது என்றே நான் நினைக்கிறேன்.

சட்டத்தின்படி வேட்டை என்பது சுடுவது மட்டுமன்று. கண்ணி வைப்பது, விரட்டுவது, இரை வைத்து இழுப்பது, அதற்கு முயல்வதுகூட அதில் அடங்கும். பட்டா நிலம் என்பதால் விலக்கு கிடைக்காது. சாம்பலில் மான்கொம்போ வேறு விலங்கின் எச்சமோ கிடந்தால் நினைவுப்பொருளாக எடுத்து வராதீர்கள். அது அரசின் சொத்து. கையில் வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும் என்று 39-ஆம் பிரிவு சொல்கிறது.

பதில்: நாகலூர்க்காரர்

தம்பி, தீ அணைந்த கையோடு ஏறிவிடாதீர்கள். மேலே சாம்பல் ஆறியிருந்தாலும், பட்ட மரத்தின் அடிக்கட்டையும் வேரும் மண்ணுக்குள் பல நாள் கனன்றுகொண்டிருக்கும். கால் வைத்தால் உள்ளே இறங்கிவிடும். அடிமரம் பொந்தான மரங்கள் காற்றில்லாமலேயே சாயும். இவ்வளவு காலம் செடியின் வேர் பிடித்து வைத்திருந்த கற்கள் சரிவில் உருளும் என்பதால், ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவர் நடக்கக் கூடாது.

ஆனால் கோடைமழை விழும்வரை காத்திருந்தால் தடம் எல்லாம் போய்விடும். புகை முழுவதும் அடங்கிய பின், காற்று எழுவதற்கு முந்தைய விடியற்காலையில் சாம்பலைப் பாருங்கள். அந்தச் சமயத்தில் அது இரவு நடமாட்டத்தை அப்படியே எழுதி வைத்த ஏடு போல இருக்கும். பன்றியின் குளம்புக்குப் பின்னால் பக்கவிரல் இரண்டும் பதிந்திருக்கும். சிறு மான் வகையான கேளையாட்டின் தடம் சிறியது, முனை கூரியது. காட்டுமாட்டின் குளம்பு அகன்று வட்டமாக இருக்கும். அதைக் கண்டால் அந்தப் பக்கம் மேற்கொண்டு போகாமல் திரும்பிவிடுங்கள். சுனையைத் தேடி நீங்கள் அலைய வேண்டியதில்லை, தடங்கள் எங்கே கூடுகின்றனவோ அங்கே தண்ணீர் இருக்கும், அல்லது விலங்குகள் நக்கும் உப்புமண் இருக்கும்.

முதல் மழைக்குப் பின் புல் துளிர்க்கும்போது காட்டுமாடும் முயலும் அங்கே வந்து சேரும். அக்காலத்து வேட்டைக்காரர்களில் சிலர் புல்லுக்குத் தாங்களே தீ வைத்ததும் இந்தத் துளிருக்காகத்தான். இன்றும் அந்தத் துளிரைக் குறிவைத்துச் சுருக்கு வைப்பவர்கள் உண்டு. எனவே தடம் குறுகும் இடங்களில், முழங்கால் உயரத்துக்குக் கீழே கம்பி தெரிகிறதா என்று பாருங்கள். பிரேக் கம்பி போன்ற கம்பிகள் தீயில் அழிவதில்லை. கண்டால் இடத்தைப் படமெடுத்து வனக்காப்பாளரிடம் சொல்லுங்கள். துணியோ நூலோ சுற்றிய உருண்டை ஏதேனும் கிடந்தால் தொடவே கூடாது. அது பன்றிக்கு வைத்த அவுட்டுக்காயாக, அதாவது கடித்தால் வெடிக்கும் நாட்டுவெடியாக இருக்கலாம்.

இன்னொன்று. இந்த மலையில் புதிய கற்காலத்தின் மெருகேற்றிய கற்கோடாரிகள் கிடைத்திருக்கின்றன. மலைக் கிராமங்களில் அவற்றைச் சாமியாக வைத்துக் கும்பிட்டும் வந்திருக்கிறார்கள். இந்தியத் தொல்பழங்கால ஆய்வைத் தொடங்கி வைத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் அஸ்தியே ஏற்காட்டுத் தேவாலயத்தில்தான் இருக்கிறது. ஒருபுறம் கூர்மையாக, வழவழப்பான கல் எதையாவது பார்த்தால் கிடந்த இடத்திலேயே படமெடுத்து, சேலம் அரசு அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.

பதில்: தாவரவியல் ஆசிரியை

நடுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்த ஆண்டு எதையும் நட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. துரிஞ்சி, நெல்லி போன்றவை அடியிலிருந்து தாமே தழைக்கும். கருகிய பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள்; உள்ளே பச்சை இருந்தால் அந்த மரம் பிழைத்திருக்கிறது. மழைக்குப் பின் பார்க்கும்வரை எதையும் வெட்டிவிடாதீர்கள். இடம் வெறுமையாகக் கிடக்கிறதே என்று சில்வர் ஓக் கன்றுகளைக் கொண்டுபோய் வைப்பது மலையில் பலருக்குப் பழக்கம். ஆனால் முயலும் கேளையாடும் வேண்டும் என்றால் தேவைப்படுவது புல்லும் நாட்டுமரமும்தான்.

உண்மையான வேலை உண்ணிச்செடியோடுதான். தென்னமெரிக்காவிலிருந்து அழகுச்செடியாக வந்த அது தீயில் சாவதில்லை. மேலே எரிந்தாலும் அடிக்கட்டையிலிருந்து முன்னிலும் அடர்த்தியாகத் துளிர்க்கும். அடுத்த தீக்கு அதுவே விறகாகும். துளிர் சிறியதாக இருக்கும்போதே, தண்டும் வேரும் சேரும் இடத்துக்குக் கீழே மண்ணுக்குள் வெட்டி, கட்டையைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். மேலாக வெட்டினால் பயனில்லை. குருவிகள் விதை போடும் மரத்தடிகளை அடுத்த சில ஆண்டுகளும் பார்த்து, முளைத்த நாற்றுகளைப் பிடுங்க வேண்டும். எரிந்த சுள்ளிகளைச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாகப் போட்டால், கோடைமழையில் மேல்மண் ஓடைக்குப் போகாமல் ஓரளவு நிற்கும். ஆள் வைத்து முழு நிலத்தையும் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டால் அந்த மண் நிற்காது.

கேள்வி கேட்டவர்: கோரிமேட்டுவாசி

அனைவருக்கும் நன்றி. எல்லைக்கல்லைக் காட்டும்படி கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரகத்திலும் இந்த வாரமே கேட்கிறேன். சித்தப்பா தன் நாயையும் கூட்டிவருவதாகச் சொல்கிறார். அது மோப்பம் பிடித்தால் தடம் காண எளிது என்பது அவர் எண்ணம். கூட்டிப் போகலாமா?

பதில்: நாகலூர்க்காரர்

வேண்டாம், தம்பி. அவுட்டுக்காயை நாய்தான் முதலில் கடிக்கும். காட்டுமாட்டைக் கண்டால் குரைத்து அதை உங்கள் பக்கமே விரட்டிக்கொண்டு வரும். நாய் விலங்கை விரட்டினால் அது வழக்காகவும் ஆகலாம். சித்தப்பாவை மட்டும் கூட்டிப் போங்கள். பழைய தடத்தில் நடந்த கால் அவருடையது.