புதுப்பிப்பு: தம்பியின் இடுப்பு வலி, எம்ஆர்ஐ முடிவு வந்துவிட்டது

முன்பு கேட்டது இதுதான்: கூடலூரில் இருக்கும் என் தம்பிக்குச் சிக்கிள் செல் நோய் உண்டு. இடது தொடை இடுக்கில் வலி, நொண்டுகிறான், ஆனால் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. எம்ஆர்ஐ எடுக்கச் சொன்ன அண்ணனுக்கு நன்றி.

மலை இறங்கிப் போய் எடுத்தோம். தொடையெலும்பின் பந்து போன்ற தலையில் ரத்த ஓட்டம் நின்று ஒரு பகுதி செத்திருக்கிறது. அரிவாள் போல வளைந்த சிவப்பணுக்கள் அங்குள்ள நுண்ணிய குழாய்களை அடைப்பதால் வருவது. படத்தில் அந்தப் பந்தின் மேற்பக்கம் வளைந்து நெளிந்து ஒரு கருப்புக் கோடு ஓடுகிறது. செத்த பகுதியின் எல்லை அதுதானாம்.

ரிப்போர்ட்டில் ‘ஃபிகாட் நிலை 1’ என்று இருக்கிறது. இந்தப் பாதிப்பு எவ்வளவு முற்றியிருக்கிறது என்று 1 முதல் 4 வரை சொல்லும் அளவு அது. எக்ஸ்ரேயில் தெரியாது, எம்ஆர்ஐயில் தெரியும் என்பதுதான் அந்த நிலையே! 2-இல் எக்ஸ்ரேயிலேயே எலும்பு திட்டுத்திட்டாக மாறியிருப்பது தெரியும். 3-இல் குருத்தெலும்புக்குக் கீழே பிறை வடிவில் விரிசல். 4-இல் தலை சப்பையாகி மூட்டும் தேய்ந்திருக்கும்.

வலது பக்கத்தையும் சேர்த்தே எடுத்தார்கள், இந்த நோயில் இரண்டு பக்கமும் வருவது சகஜம். அது இப்போதைக்குச் சரியாக இருக்கிறது. ஊன்றுகோல் கொடுத்திருக்கிறார்கள், பாரம் தூக்கக் கூடாது, சிக்கிள் செல்லுக்கான ஹைட்ராக்ஸியூரியா மருந்து தொடரும். அப்புறம், தேயிலை மூட்டை தூக்க இனி யார் போவது என்பதுதான் வீட்டில் இப்போதைய சண்டை.