பாராசூட் கேமில் 200 வந்தால் மிஸ் அழிவது: அக்கா சொல்வது நியாயமா?

பாலாத்தங்கரை:
ஆம்பூர் வீட்டுப் பரணை ஒழிச்சப்போ சித்தப்பா ஜித்தாவிலிருந்து கொண்டுவந்த நின்டெண்டோ கேம் அண்ட் வாட்ச், அதான் கையில வெச்சு ஆடற குட்டி வீடியோ கேம், கிடைச்சது. பாராசூட். ஹெலிகாப்டர்லேர்ந்து குதிக்கிறவங்களை படகை நகர்த்திப் பிடிக்கணும். விட்டா சுறா வாயில. மூணு மிஸ் ஆனா ஆட்டம் முடிஞ்சது.

இதை வெச்சு எனக்கும் அக்காவுக்கும் தீராத ஒரு வழக்கு. அவ ஒரு மிஸ்கூட இல்லாம 200 தொடுவா. நான் ரெண்டு மிஸ்ஸை வாங்கிக்கிட்டு தட்டுத்தடுமாறி வருவேன். 200 ஆனதும் ஒரு சத்தம் வரும், என் மிஸ் ரெண்டும் காணாமப் போயிடும். அவளுக்கு ஒண்ணும் கிடைக்காது. அங்கிருந்து ரெண்டு பேரும் சமம். "ஒழுங்கா ஆடினவளுக்கு என்னடா குடுத்துச்சு, மெஷின்ல கோளாறு"ன்னு அன்னைக்கு ஆரம்பிச்சவ, பொட்டி கிடைச்ச சேதி கேட்டதும் குடியாத்தத்திலிருந்து போன் போட்டு மறுபடி ஆரம்பிச்சிட்டா. எல்லா பீஸும் இப்படித்தானா?

இன்னொண்ணு. செல் போட்டா ஓடுது, ஆனா ஸ்கோர்ல 7 வந்தா 1 மாதிரி தெரியுது.

லாங்பஜார் வாட்ச்கடை:
தம்பி, கோளாறு இல்ல. 1981-ல வந்த பாராசூட், ஆக்டோபஸ் ரெண்டுலயும் 200-லயும் 500-லயும் மிஸ்ஸைத் துடைச்சி விட்டுடும். துடைக்க ஒண்ணும் இல்லன்னா சும்மா தாண்டிப் போயிடும். அக்கா கேக்கறது முழு நியாயம். ஜப்பான்லயும் யாரோ ஒரு அக்கா சண்டை போட்டிருக்கணும்னு நெனைக்கிறேன், ஏன்னா 1982-ல ஆரஞ்சு கலர்ல மடிக்கிற டாங்கி காங் வந்துச்சு பாருங்க, அதுல கணக்கே வேற. 300 வரும்போது மிஸ் இருந்தா அழியும். இல்லன்னா பாயிண்ட் ரெட்டிப்பா ஏற ஆரம்பிக்கும், அடுத்த மிஸ் விழற வரைக்கும். இதான் சரியான கூலி.

மிக்கி மவுஸ் முட்டை பிடிக்கிற கேம் இன்னும் தமாஷு. மின்னி எட்டிப் பாத்துக்கினு இருக்கும்போது முட்டை விழுந்தா அரை மிஸ்தான். பசங்க அதுக்காகவே வேணும்னு நேரம் பாத்து விடுவானுங்க. நாம கெட்டிக்காரத்தனம்னு சொல்லிக்கிறதுல பாதி, மன்னிப்பு எப்ப கிடைக்கும்னு தெரிஞ்சி வெச்சிக்கிறதுதான்.

நான் வேலூர் லாங் பஜார்ல வாட்ச் ரிப்பேர் பாத்தவன். எல்சிடி வந்தப்ப பெரியவங்க தொடமாட்டேன்னுட்டாங்க, எனக்கு வேலை வந்துச்சு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுன்னு வெளிநாட்டுக்கு ஆள் போன ஊர்லேர்ந்தெல்லாம் கேம் வரும். கத்திரி வெயில்ல வர்ற கேஸ் முக்காவாசி ஒரே புகார்: ஸ்க்ரீன் பூரா கறுத்துப் போச்சு. ஜன்னல் கட்டைல வெச்சிருப்பாங்க. கண்ணாடிக்குள்ள இருக்கிற லிக்விட் கிரிஸ்டல் ரொம்ப சூடானா அதோட வரிசை கலைஞ்சிடும், வெளிச்சம் வராது. ஆறினா தானா திரும்பிடும். பானைக்குப் பக்கத்துல நிழல்ல வெச்சிட்டு, டீ குடிச்சிட்டு வாங்கன்னு அனுப்புவேன். காசு வாங்கமாட்டேன், ஆனா கைராசிக்காரன்னு பேரு வந்தது அதாலதான்.

உங்க 7 விஷயம்: மேல் கோடு வரல, அவ்ளோதான். கண்ணாடிக்கும் போர்டுக்கும் நடுவுல கறுப்பு வரி போட்ட ரப்பர் பட்டை இருக்கும், ஜீப்ரான்னு சொல்லுவோம். மெடிக்கல் ஷாப் ஸ்பிரிட்டைப் பஞ்சுல தொட்டு அதையும் கண்ணாடி ஓரத்தையும் துடைங்க. கண்ணாடி மேல ஒட்டியிருக்கிற ஃபிலிம்ல ஸ்பிரிட் படவே கூடாது. இதே மாதிரி நடுக்கோடு போனா 8 பூஜ்யமாயிடும். ஒருத்தன் 380-ன்றான், அவன் தம்பி 300-ன்றான், என் கடை வாசல்லயே சட்டையப் பிடிச்சிக்கினாங்க.

பேரேடு:
ராணிப்பேட்டையில் தோல் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதியவன் நான். எங்கள் மேசைக்கு 1980-இல் வெளியான கேசியோ எம்ஜி-880 வந்து சேர்ந்தது. பார்வைக்கு கால்குலேட்டர். முதலாளி எட்டிப் பார்த்தாலும் வேலை நடப்பதாகவே தெரியும்! வலப்பக்கத்திலிருந்து எண்கள் படையெடுத்து வரும். ஒரு பட்டனால் நம் எண்ணை மாற்றி, அதே எண்ணை மற்றொரு பட்டனால் சுட வேண்டும். சுட்ட எண்களின் கூட்டுத்தொகை பத்தின் மடங்கானால் ஒரு பறக்கும் தட்டு வரும், அதைச் சுட்டால் 300 பாயிண்ட். நாள் முழுக்கக் கூட்டல் போட்ட தலைக்கு அது அல்வா. கூட்டுத்தொகை 17-இல் நின்றால், 3 எங்கே வருகிறது என்றுதான் கண் தேடும். விரல் வேகத்தில் என்னை ஜெயித்த பையன்களெல்லாம் அந்தத் தட்டு சும்மா வருவதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் சொல்லவில்லை.

காட்பாடி பாசஞ்சர்:
நான் அடுத்த தலைமுறை அண்ணே. கோட்டை மைதானத்துல பொருட்காட்சி போட்டப்ப வாங்கின 9999 இன் 1 பிரிக் கேம். உள்ள இருந்தது செங்கல், கார், டேங்க், பாம்புன்னு கொஞ்சம் ஆட்டம்தான். வேகத்தையும் லெவலையும் மாத்தி மாத்தி எண்ணி 9999 ஆக்கிட்டாங்க.

அந்த செங்கல் ஆட்டத்துல அக்கா கட்சி தோத்துடும். மேலேர்ந்து விழற துண்டுங்களை அடுக்கி ஒரு வரியை நிரப்பி அழிச்சா 100, ரெண்டு சேர்ந்தா 300, மூணுக்கு 700, நாலுக்கு 1500. பத்திரமா ஒவ்வொண்ணா நாலு வரி அழிச்சா வெறும் 400. அதனால ஓரத்துல ஒரு சந்து விட்டுட்டு நீளக் குச்சி வரும்னு தலைக்கு மேல வரைக்கும் அடுக்கறவன்தான் ராஜா. எங்க வீட்ல ராஜா பட்டம் ரொம்ப நாள் நிக்காது. டிவி ரிமோட்ல செல் தீர்ந்தா தங்கச்சி கேம்லேர்ந்து உருவிடுவா, ஹை ஸ்கோர் பூஜ்யம்.

பாலாத்தங்கரை:
ஜீப்ரா துடைச்சேன், 7 வந்துடுச்சு! டாங்கி காங் பதிலை அக்காவுக்கு வாசிச்சுக் காட்டினேன். ஸ்கிரீன்ஷாட் வேணுமாம், மச்சானுக்கும் காட்டணுமாம். ஹை ஸ்கோர் இதுல எங்க தெரியும் அண்ணே?

லாங்பஜார் வாட்ச்கடை:
கேம் ஏ பட்டனை அழுத்திப் பிடிச்சா தெரியும், விட்டா ஆட்டம் ஆரம்பிச்சிடும். பழசு எதுவும் இருக்காது, செல் செத்த அன்னைக்கே போயிருக்கும். எல்ஆர்43 பட்டன் செல் ரெண்டு போடுங்க. கடைக்காரர் 44-ஐ நீட்டுவாரு, அது தடிமன், அழுத்திப் போட்டா தகடு வளைஞ்சிடும். அக்கா வந்து ஆடினா, அடுத்த செல் மாத்தறதுக்கு முன்னாடி ஸ்கோரை போட்டோ எடுத்துடுங்க.