பாமினி எழுத்துருவில் அடித்த வினாத்தாளை வட்சப்பில் அனுப்பினால் ஆங்கில எழுத்தாக வருகுது

கேள்வி (யாழ்ப்பாணம், தரம் 10 விஞ்ஞானம்): 2008 தொடக்கம் பாமினியில் அடித்த வினாத்தாள்கள் கனக்க இருக்கு. பிள்ளைகளின்ர போனில் ஒன்றும் வாசிக்க ஏலாது. எல்லாத்தையும் திருப்பி அடிக்க வேணுமோ?

மறுமொழி 1: தேவையில்லை ரீச்சர். பாமினி ஆங்கில எழுத்துக்கு மேல தமிழ் உருவம் போட்ட எழுத்துரு. 'அம்மா' என்பது உள்ளுக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச். போனில் பாமினி இல்லாததால அதுதான் அப்பிடியே தெரியுது. அவசரமெண்டால் வேர்ட்டில் பிடிஎஃப் ஆகச் சேமிச்சு அனுப்புங்கோ, எழுத்துருவும் சேர்ந்து போகும். ஆனால் அதுக்குள்ள தமிழில் தேட ஏலாது.

மறுமொழி 2: நிரந்தரமாக வேணுமெண்டால் யூனிகோட் மாற்றியைப் பாவியுங்கோ; அது பாமினியில் அடித்ததை, எல்லாப் போனிலும் தமிழாகத் தெரியிற பொதுக் குறிமுறையான யூனிகோட்டுக்கு மாத்தும். முழுக் கோப்பையும் ஒரேயடியாகப் போடாதேங்கோ! இரசாயனக் குறியீடு, அலகு, ஆங்கிலச் சொல் எல்லாம் தமிழாகிக் குழம்பும். பாமினியில் அடித்த துண்டை மட்டும் வெட்டிப் போடுங்கோ. அட்டவணையைக் கட்டம் கட்டமாகத்தான் செய்யலாம், அலுப்பு வேலைதான். ஒட்டின பிறகு எழுத்துருவை நிர்மலா யூஐக்கு மாத்துங்கோ, பாமினியிலேயே விட்டால் சரியாகத் தெரியாது. கொம்புகளையும் ஒருக்கால் பாருங்கோ: பாமினியில் கொம்பு முதல், எழுத்து பிறகு; யூனிகோட்டில் மறுவளம். 'கொ', 'கௌ' உடையிறது அதாலதான்.

மறுமொழி 3: இனி அடிக்கிறதுக்கு இ-கலப்பை எண்ட தமிழ் தட்டச்சு மென்பொருளில் பாமினி விசைப்பலகையைத் தெரிவு செய்யுங்கோ. விரல் பழக்கம் அதேதான், விழுறது யூனிகோட்.